மசாலாக்கார அஞ்சலையின் ரத்தம்

அஞ்சலை அக்காவின் கைகள் மணிக்கட்டு வரை மஞ்சளாக இருக்கும். விரல் நுனியிலும் நகக்கண்ணிலும் மிளகாய்ச் சிவப்பு ஏறியிருக்கும். புளி போட்டுத் தேய்த்தாலும் அந்த நிறம் போகாது. மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, தகரக் கூரை போட்ட பலகை வீட்டில் அவர் பதினைந்து வருடம் ஈர மசாலா அரைத்து விற்றார். மீனுக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று, குருமாவுக்கு ஒன்று என்று தனித்தனியாக அரைத்து உருட்டி, வாழையிலைத் துண்டில் மடித்துக் கொடுப்பார். வாங்கியவர்கள் அப்படியே சட்டியில் போட்டுத் தாளிக்கலாம்.

பிறந்தது ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். பன்னிரண்டு வயதில் கடுமையான காய்ச்சல் வந்து, முட்டியும் கணுக்காலும் வீங்கி இரண்டு மாதம் படுத்திருக்கிறார். அதை அவரே மறந்துவிட்டார். அவருடைய இருதயம் மறக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. பதினேழு வயதில் கலியாணசுந்தரம் அண்ணனைக் கட்டிக்கொண்டு மலாக்காவுக்கு வந்தார். அண்ணன் ஆற்றோரத்தில் ஒரு சீனர் கிடங்கில் ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரிப்பவர். ஜப்பான்காரன் காலத்தில் கிடங்கை மூடிவிட்டார்கள். அப்போது வீட்டை நடத்த அக்கா அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தார். யுத்தம் முடிந்து கிடங்கு திறந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

அவர் சரக்கின் மேல் ஊருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மசாலா கெடாமலிருக்க உப்புச் சேர்ப்பார். அதைக் கையளவில் போடுவார். மற்றதையெல்லாம் அவர் மூக்கு சொல்லும். நாக்கில் வைத்துப் பார்க்கவே மாட்டார். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய பக்கத்துச் செட்டிக் குடும்பங்கள் அவரிடம்தான் வாங்கின. வருடத்தில் இரண்டு முறை, போகியன்றும் ஜூலையில் பழக்காலத்திலும், அவர்கள் முன்னோருக்குச் சமைத்துப் படைப்பார்கள். படைக்கும் முன் ஒரு துளிகூட எச்சில் படக்கூடாது. “யாரு வேணாலும் அரைக்கலாம், அஞ்சலை கைதான் சுத்தம்” என்று அவர்கள் சொல்வது மலாயில் இருக்கும். அந்தக் குடும்பங்களில் பேச்சு மலாய்தான். தமிழில் உறவுமுறைச் சொற்களும் சில சாமான் பெயர்களும் மட்டும் மிஞ்சியிருந்தன.

நான் டிரஸர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பாட்டில் கழுவத் தொடங்கி, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பிறகு டவுனில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் சேர்ந்தேன். ஊசி போடுவேன், மருந்து கலப்பேன், ரத்தம் அளப்பேன். என் கண் தப்பாது என்று டாக்டரே சொல்வார். அதை நானும் நம்பினேன்.

ஐம்பத்தைந்தாம் வருடம் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்தே தூங்கினார். டாக்டர் பார்த்துவிட்டு, சின்ன வயதில் வந்த அந்தக் காய்ச்சலால் இருதயம் பலவீனமாகிவிட்டது, இனி அது பழைய நிலைக்குத் திரும்பாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார். தினமும் ஒரு மாத்திரை, வாரம் ஒரு பாதரச ஊசி, உப்பு கூடாது, பாரமான வேலை கூடாது. ஊசி போட்டால் உடம்பில் தேங்கிய நீர் அன்றைக்கே சிறுநீராக இறங்கிவிடும். ஒவ்வொரு புதன்கிழமை மாலையும் நான் போய் ஊசி போட்டேன். தையல்காரர் நாடாவால் கணுக்காலை அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதினேன்.

அரைக்கிற வேலை மகள் மல்லிகாவுக்குப் போயிற்று. அக்கா சின்ன முக்காலியில் உட்கார்ந்து, அரைத்ததைக் கையால் பிசைந்து சேர்ப்பதை மட்டும் விடவில்லை. உப்பை விட்டுவிட்டார். வெறும் கஞ்சி, அவித்த கீரை, எலுமிச்சை.

“ஜெயில்ல இருக்கறவனுக்குக் கூட கருவாடு குடுக்கறானுங்களாம் தம்பி. நான் என்ன குத்தம் பண்ணேன்?” என்பார்.

“வெத்தல போடறீங்களே அக்கா, அதையும் நிறுத்தச் சொல்லட்டுமா?”

“நிறுத்திப் பாரு. உன் ஊசிய உனக்கே குத்திடுவேன்.”

ஒன்றரை வருடம் கால் அடங்கியிருந்தது. ஐம்பத்தேழு தொடக்கத்தில் மறுபடி ஏறியது. ஊசி போட்டால் இறங்கும், மூன்றாம் நாள் வீங்கும். டாக்டர் வாரம் இரண்டு ஊசி என்றார். அப்போதும் ஏறியது. இரண்டு எட்டு நடந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரத்தம் குறைந்திருக்குமோ என்று நான் யோசிக்காமலில்லை. தோட்டத்துப் பெண்கள் எத்தனையோ பேருக்குப் பார்த்தவன். நாக்கை நீட்டச் சொன்னேன், சிவப்பாக இருந்தது. நகத்தைப் பார்த்தேன், சிவப்பு. உள்ளங்கை மஞ்சள். வெற்றிலையும் மிளகாயும் மஞ்சளும்தான் எனக்கு அன்று பதில் சொல்லின. நான் அதை ரத்தத்தின் பதில் என்று எடுத்துக்கொண்டேன். டிஸ்பென்சரி அலமாரியில் ரத்தம் அளக்கும் கண்ணாடிக் குழாய் இருந்தது. வாரத்தில் பத்துப் பேருக்கு நானே அளந்தேன். ஊசி போடப் போன வீட்டில் ஒரு விரலைக் குத்தியிருக்கலாம்.

ஜூலை மாதம், பழக்காலப் படையலுக்கு முந்திய வாரம். புதன்கிழமை. எதிர்ச் சாரியில் இருந்த செட்டிக் குடும்பத்துப் பொன்னம்மா சொல்லி வைத்த மசாலாவை வாங்க வந்து வாசற்படியில் நின்றார். அண்ணன் அப்போதுதான் கிடங்கிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் நாடாவை வைத்துப் பார்த்தேன். ஒரே வாரத்தில் ஒன்றேகால் அங்குலம் கூடியிருந்தது. நான் ஒழுங்காகச் செய்த வேலையை யாரோ கெடுக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது.

“அக்கா, உப்பு எங்கருந்து வருது?”

“எந்த உப்பு?”

“கால்ல நிக்குதே, அந்த உப்பு.”

“நான் உப்பத் தொட்டு ரெண்டு வருசமாச்சு தம்பி.”

“தெனம் அதுலதான கை வெச்சிருக்கீங்க. மசாலாவ நாக்குல வெச்சுப் பாக்கறீங்க. வேற வழியே இல்ல.”

மல்லிகா அம்மிக் குழவியை நிறுத்தினாள். பொன்னம்மா எங்கள் முகங்களைப் பார்த்து, டிரஸர் என்ன சொல்கிறார் என்று மலாயில் கேட்டார். நான் அங்கே வாயை மூடியிருக்கலாம். திரும்பி நின்று, தெளிவாக, மலாயில் சொன்னேன். இவர் மசாலாவை நக்கிப் பார்க்கிறார், அதிலுள்ள உப்புதான் காலை வீங்க வைக்கிறது என்றேன்.

“அடோய், அக்கா!” என்றார் பொன்னம்மா. கையிலெடுத்த இலைப் பொட்டலங்களைப் படியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அஞ்சலை அக்கா எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. “தம்பி, என் வாய்ல இது வரைக்கும்...” என்று ஆரம்பித்தவருக்கு மூச்சு வரவில்லை.

“டிரஸருக்கு உன் மேல என்ன விரோதமா? காலப் பாரு, காலே சொல்லுது” என்றார் அண்ணன். அன்றைக்கே உப்பு ஜாடியை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிசைகிற வேலையும் மல்லிகாவுக்குப் போயிற்று.

அந்த வாரத்துக்குள் எட்டுச் செட்டி வீடுகளும் வாங்குவதை நிறுத்தின. அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த புதன்கிழமை பேசாமல் கையை நீட்டினார். குற்றத்தை ஒத்துக்கொண்டதால்தான் பேசவில்லை என்று நினைத்தேன். ‘உப்பு, ரகசியமாக’ என்று அன்றைய தேதிக்கு எதிரே எழுதியிருக்கிறேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

உப்பைப் பூட்டி வைத்தும் கால் இறங்கவில்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். கருவாடு யார் வாங்கித் தருகிறார்கள் என்று மல்லிகாவைக் கேட்டேன்.

“அம்மா சோறே பாதி நாள் திங்கறதில்ல மாமா. கருவாட்டுக்கு எங்க போறது?” என்று அவள் அழுதாள். அதையும் நான் நம்பவில்லை.

ஆகஸ்ட் மாதம் எங்கள் டாக்டர் இரண்டு மாத லீவில் போனார். அவருக்குப் பதிலாக சாரதாம்பாள் என்ற லேடி டாக்டர் வந்தார். முப்பது வயதிருக்கும். ஊரெல்லாம் மலாயா சுதந்திரத்துக்கு அலங்கார வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். டிஸ்பென்சரிக்கு எதிரிலும் ஒரு வளைவு, பாதி மூங்கிலும் பாதி காகிதமுமாக நின்றது. கொண்டாட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை மத்தியானம், மல்லிகா ஓடிவந்தாள். அம்மா மூச்சு விட முடியாமல் கிடக்கிறாள் என்றாள். டாக்டர் தன் சின்னக் காரில் என்னையும் அவளையும் ஏற்றிக்கொண்டார். வழியில் நான் நோயைச் சொன்னேன். உப்பு விஷயத்தையும் சொன்னேன்.

வீட்டுக்குள் வந்ததும் டாக்டர் முதலில் கேட்டது ஒரு கிண்ணம் தண்ணீர். வெற்றிலையைத் துப்பி, மூன்று முறை வாய் கொப்பளிக்கச் சொன்னார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். அது வெளுத்திருந்தது. கட்டை விரலால் கண்ணின் கீழ் இமையை இழுத்தார். உள்ளே துளிச் சிவப்பு இல்லை. சவ்வு சுண்ணாம்பு போலிருந்தது.

“மிஸ்டர் தேவதாஸ், இந்த இமைய என்னைக்காவது இழுத்துப் பாத்தீங்களா?”

“இல்ல, டாக்டர்.”

“ஏன்?”

வயதில் மூத்த பெண், அக்கா என்று கூப்பிடுகிற உறவு, முகத்தில் கை வைக்கக் கூசியது. நாக்கும் நகமும் போதும் என்றிருந்துவிட்டேன். அந்தக் கூச்சத்தை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோர் முன்னாலும் அவரைப் பொய்க்காரியாக்கியபோது அந்த மரியாதை எனக்கு நினைவு வரவில்லை.

டாக்டர் மூச்சுத் திணறலுக்கு ஊசி போட்டுவிட்டு, ஆண்களை வெளியே போகச் சொன்னார். கால் மணி நேரம் கழித்து வந்து, சந்தில் நின்று என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

“ரெண்டு வருசமா மாசத்துல பாதி நாள் ரத்தம் போகுது. மகளுக்கு மட்டும்தான் தெரியும். வாராவாரம் நீங்க வந்திருக்கீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவங்க சொல்லல. நீங்களும் கேக்கல.”

“நான் எப்படி டாக்டர்...”

“மகள விட்டுக் கேக்கச் சொல்லியிருக்கலாமே.”

டாக்டர் தன் பெட்டியிலிருந்து ரத்தம் அளக்கும் குழாயை எடுத்துக் கொடுத்தார்; அக்காவின் விரலை ஸ்பிரிட்டால் துடைத்துக் குத்தினேன். வந்த துளி ரத்தம் போலவே இல்லை. அமிலத்தில் கலந்து, வெளிச்சத்தில் பிடித்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு நிறத்தை ஒப்பிட்டேன். நூற்றுக்கு முப்பத்தாறு; எண்பதாவது இருக்க வேண்டும். நம்பாமல் இன்னொரு விரலில் எடுத்தேன். அதுவும் முப்பத்தாறு.

“இருதயம் ஏற்கனவே நொண்டிக் குதிரை. ரத்தம் தண்ணியாயிட்டா அது ரெண்டு நடை போக வேண்டிய எடத்துல நாலு நடை போகணும். ஓய்ஞ்சு போகும், நீர் தேங்கும், கால் வீங்கும். உப்பே தொடாட்டியும் வீங்கும்,” என்றார் டாக்டர். கார்க் கதவைத் திறந்தவர் நின்று மேலும் சொன்னார். “இருதய நோய் மட்டும் இருந்தா ஒரு கணக்கு. கூட ரத்தக் குறைவும் சேந்தா வேற கணக்கு. அவங்க சீக்கிரம் போயிடறாங்க. நான் பாத்த வரைக்கும் அப்படித்தான். இத ஜனவரியிலயே புடிச்சிருந்தா...”

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வேகமாக ரத்தம் ஏற்றினால் இருதயம் மூழ்கிவிடும் என்று, அரைப் பாட்டிலை நாள் முழுக்கச் சொட்டவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு அரைப் பாட்டில். ரத்தப் போக்குக்கும் வைத்தியம் நடந்தது. பிறகு இரும்பு மாத்திரை. ஊரில் கொடி ஏறியதும் வேட்டு வெடித்ததும் அக்காவுக்கு ஜன்னல் வழியாகக் கேட்டவைதான். ஒரு மாதத்தில் வீட்டுக்கு வந்தார். அக்டோபரில் ரத்தம் ஐம்பத்தெட்டு. ஊசி இரண்டு வாரத்துக்கு ஒன்று போதுமென்றாயிற்று. கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது.

அண்ணன் பூட்டைத் திறந்து ஜாடியை எடுத்து அடுப்படியில் வைத்தார். நான் அக்காவிடம், “தப்பு என்னோடது அக்கா” என்றேன். “சரி” என்றார். அவ்வளவுதான். எட்டு வீடுகள் அப்போதும் வாங்கவில்லை. மல்லிகா இரண்டு சீனர் வீடுகளுக்கு மட்டும் அரைத்தாள். நான் மலாயில் சொன்னதை மலாயில் திருப்பிச் சொல்ல வேண்டியவன் நான்தான் என்று தெரிந்தே நவம்பரும் டிசம்பரும் போயின. எதிரில் பொன்னம்மா வந்தால் சைக்கிளை வேறு சந்தில் திருப்பினேன்.

ஜனவரியில் போகிக்கு நாலு நாள் இருக்கும்போது அவர் வீட்டுக்குப் போனேன். பொன்னம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அஞ்சலை மசாலாவை ஒருநாளும் நாக்கில் வைத்ததில்லை, நோயை நான் தப்பாகப் பார்த்தேன், அவருக்கு இருதய நோயோடு ரத்தமும் குறைந்திருந்தது என்றேன்.

“எப்போது தெரியும் உனக்கு?” என்று கேட்டார்.

“ஆகஸ்ட் மாதம்.”

“ஆகஸ்டா! நான் கிழவியாகட்டும் என்று காத்திருந்தாயா?” முறத்தைக் கீழே வைத்தார். “நீ என்னிடம் சொன்னாய். நான் மூடத்தனமாக ஏழு வீட்டில் சொன்னேன். இப்போது என் காதில் மட்டும் போட்டுவிட்டுப் போனால் எப்படி? நீயே போ. எல்லா வீட்டுக்கும் போ.”

போனேன். ஒரே மாலையில் மற்ற ஏழு வீடுகளும். படியில் நின்று அதே வார்த்தைகளைச் சொன்னேன். பெண்களுக்கு வரும் ரத்தப் போக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒரு வீட்டில் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார்கள். ஒரு வீட்டுப் பெரியவர், “அப்படியானால் போன வருடம் எனக்கு நீ போட்ட ஊசியும் தப்புத்தானா?” என்று கேட்டுச் சிரித்தார். இன்னொரு வீட்டில் அந்த நோய் ஒட்டுமா என்று கேட்டார்கள். போகிக்கு முந்திய நாள் ஐந்து வீடுகள் மசாலா வாங்கின. மூன்று வீடுகள் கடைசிவரை வாங்கவில்லை.

செய்தி அக்காவுக்குப் போயிற்று. அடுத்த முறை நான் ஊசியோடு போனபோது அவர் கையை நீட்டவில்லை.

“யாரு உன்ன வீடு வீடாப் போகச் சொன்னது?”

“நான்தான அக்கா கெடுத்தேன்.”

“கெடுத்த. இப்ப போயி, அவளுக்கு ரத்தம் இல்ல, இருதயம் கெட்டுப் போச்சுன்னு தண்டோரா போட்டுட்டு வந்திருக்க. நேத்து ஒருத்தி வந்து என் தலையத் தடவிக் குடுத்துட்டு மசாலா வாங்கிட்டுப் போறா. பாவம் பாத்து வாங்கறா தம்பி. என் சரக்க யாரும் பாவம் பாத்து வாங்கினதில்ல.”

என் மனப் பாரம் இறங்க வேண்டுமென்றுதான் நான் போனேன். அவரைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. நோயைப் பார்த்ததிலும் அவரைக் கேட்கவில்லை, தப்பைத் திருத்தியதிலும் கேட்கவில்லை. ஊசியைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன். “குத்து, குத்திட்டுப் போ” என்று கையை நீட்டினார்.

மல்லிகாவுக்குப் பத்து பெரெண்டாம் என்ற பக்கத்து ஊரில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். கல்யாணம் ஆவணியில் என்று முடிவாகியிருந்தது. அதற்குள் சேலையும் பாத்திரமும் சேர்ப்பதாக அண்ணனின் திட்டம். மாதம் ஒரு முறை நான் ரத்தம் அளந்தேன். ஜனவரியில் ஐம்பத்தாறு. பிப்ரவரியில் ஐம்பத்தொன்று. மார்ச்சில் நாற்பத்து நாலு. மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் இறங்கியது. குழாயை நான் வெளிச்சத்தில் பிடித்திருந்தபோது அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தன?”

“நாப்பத்து நாலு.”

“போன மாசத்தவிடக் கம்மி.”

“ஆமா அக்கா.”

“மறுபடி ரத்தம் ஏத்தினா?”

“ஏத்தலாம். கொஞ்ச நாள் தாங்கும். மறுபடி எறங்கும்.”

“ஆவணி வரைக்கும் இருப்பனா? சமாதானம் சொல்லாத. நீ ஒரு தடவ உறுதியா சொல்லிக் கேட்டாச்சு. இப்ப தெரிஞ்சத மட்டும் சொல்லு.”

தெரிந்ததைச் சொன்னேன். இருதய நோயோடு ரத்தமும் குறைகிறவர்கள் அதிக நாள் இருப்பதில்லை, லேடி டாக்டர் அப்படித்தான் சொன்னார், ஆவணி சந்தேகம் என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

“ஏங்க!” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். “பத்து பெரெண்டாம் போயி வைகாசியில நாள் பாக்கச் சொல்லிட்டு வாங்க. பாத்திரம் பொறவு வாங்கிக்கலாம்.”

அதற்குப் பிறகு, கால் வீங்கி வருகிற ஒவ்வொருவருக்கும் நான் இமையை இழுத்துப் பார்க்கிறேன். பெண்களானால் கேட்டுக்கொண்டு பார்க்கிறேன். விரலையும் குத்துகிறேன். மூன்று வருடத்தில் அக்காவோடு சேர்த்து இருபத்தெட்டுப் பேர். பதினோரு பேருக்கு ரத்தம் மிகக் குறைவு; அவர்களில் எட்டுப் பேர் இன்று இல்லை. மற்ற பதினேழு பேரில் நாலு பேர்தான் போயிருக்கிறார்கள். இது ஒரு டிரஸரின் நோட்டில் இருப்பது, வேறெதுவுமில்லை. எட்டுப் பேரில் முதல் பெயர் அஞ்சலை. அந்த வருட ஆடி மாதம், காலை பத்து மணிக்கு, சுவரில் சாய்ந்தபடி.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, வைகாசியில் கல்யாணம் நடந்தது. அக்காவுக்கு மணவறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். முகம் உப்பியிருந்தது, ஆனால் தாலி கட்டும்போது எழுந்து நின்றார். பந்திக்கு முன்னால் மாப்பிள்ளையின் தகப்பனார் என்னைத் தேடி வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார்.

“நீங்கதான டிரஸர்? சம்பந்தியம்மாவ மூணு வருசமா உசுரோட வெச்சிருக்கறது நீங்கதானாமே. சம்பந்தி சொன்னாரு. பெரிய புண்ணியம்.”

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “இல்லீங்க, நான் வந்து...” என்று ஆரம்பித்தேன்.

“தம்பி,” என்றார் அஞ்சலை அக்கா நாற்காலியிலிருந்து. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்செடுத்துக்கொண்டார். “இன்னைக்கு வேணாம். இது மல்லிகா நாளு. போயி எல போடற எடத்துல நில்லு. எல்லாரும் சாப்பிட்டாங்களான்னு பாரு.”

போய் நின்றேன். கடைசிப் பந்தி முடியும் வரை நின்றேன். வந்தவர்கள் எல்லோரும் டிரஸர் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நானும் ஒவ்வொருவருக்கும் கும்பிட்டேன்.